பேஸ்பால் ஸ்டேடியங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அவை ஆடும் ஸ்டேடியங்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஆட்ட விதி முழுக்கத் தெரியாதவர்களும் படிக்கலாம். அடித்த பந்து கீழே விழாமல் வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், அது தெரிந்தால் போதும்.

கேள்வி: சார், நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பாலில் ஊருக்கு ஊர் வேலி தூரம் மாறுகிறதே, இது என்ன நியாயம்?

கிரிக்கெட்டிலும் பவுண்டரி தூரம் மாறத்தான் செய்கிறது, கயிறை உள்ளே இழுத்துப் போடுவதை நாம் பார்க்காததா? ஆனால் பேஸ்பாலில் இது வேறு அளவுக்குப் போய்விட்டது. உள்வட்டத்தில் எதையும் தொட முடியாது. ஓடுபவர் தொட வேண்டிய முனைகள்தான் பேஸ், பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. பந்து வீசும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், பிட்சரின் மேடு 10 அங்குல உயரம். எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் கணக்கு. அதற்கு வெளியே வேலி எங்கே, எவ்வளவு உயரம், நேராகவா வளைவாகவா என்பதெல்லாம் அந்தந்த ஸ்டேடியத்தின் இஷ்டம்.

காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பழைய ஸ்டேடியங்களை ஊர் நடுவில், கிடைத்த மனையில் கட்டினார்கள். தெரு எங்கே குறுக்கிட்டதோ அங்கே சுவர் வந்தது. நியூயார்க்கில் இருந்த போலோ கிரவுண்ட்ஸில் ஹோம் பிளேட்டிலிருந்து வேலிக்கு வலது ஓரம் 258 அடிதான், நடுவிலோ 483 அடி. ஓரத்தில் லேசாகத் தட்டினாலே ஹோம் ரன். நடுவில் உயிரைக் கொடுத்து அடித்தாலும் கேட்ச்.

1958-க்குப் பிறகு கட்டுபவற்றுக்கு ஓரத்தில் குறைந்தது 325 அடி, நடுவில் 400 அடி வேண்டும் என்று விதி போட்டார்கள். விதிவிலக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். 2009-இல் திறந்த இன்றைய யாங்கி ஸ்டேடியத்தில் வலது ஓரம் 314 அடிதான்.

கேள்வி: பாஸ்டனில் அந்தப் பச்சைச் சுவரை எதற்கு அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள்?

ஃபென்வே பார்க். 1912 ஏப்ரலில் திறந்தது, மேஜர் லீக்கில் இன்று இருப்பவற்றிலேயே பழசு. இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு ஒட்டிக்கொண்டு ஓடுவதால் வேலியைப் பின்னால் தள்ள இடமே இல்லை. ஓரத்தில் அதிகாரபூர்வக் கணக்கே 310 அடிதான். காசு கொடுக்காமல் வெளியே நின்று பார்ப்பவர்களை மறைக்கவும் முதலில் ஒரு மரச் சுவர் எழுப்பினார்கள். 1934-இல் அதை எடுத்துவிட்டு இப்போதைய உயரத்துக்குக் கட்டினார்கள், 37 அடி. அதன்மேல் முழுக்க விளம்பரங்கள் இருந்தன. 1947-இல் அவற்றை அழித்துப் பச்சை அடித்தபின்தான் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்ற பெயருக்கே வழி பிறந்தது.

இந்தச் சுவர் ஆட்டத்தையே மாற்றுகிறது, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வேறு ஊரில் சுலபமான கேட்ச்சாகப் போகும் உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகும் தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். பேட்டர் இரண்டாம் பேஸோடு நிற்க வேண்டியதுதான், சில சமயம் முதல் பேஸோடு சரி. அதனால் பாஸ்டனில் இடது பக்கம் நிற்பவர் பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைத் தனியாகப் படிக்க வேண்டும். கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அந்தக் கலையில் பெரிய கை.

சுவரின் அடியில் இருக்கும் ஸ்கோர்போர்டை இன்றும் ஆள் வைத்துக் கையால்தான் மாற்றுகிறார்கள். முன்பு சுவருக்கு மேல் வலை இருந்தது. அதில் விழும் பந்துகளை எடுக்க ஏறும் ஏணி இன்னும் சுவரிலேயே இருக்கிறது. 2003-இல் வலையை எடுத்துவிட்டு மேலே இருக்கைகள் போட்டார்கள். ஏணியை மட்டும் யாரும் தொடவில்லை.

கேள்வி: அங்கேயே பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு இருக்கை பார்த்தேன். வேண்டுதலா?

1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த ஹோம் ரன் விழுந்த இடம் அது. தூரம் 502 அடி என்று பதிவாகியிருக்கிறது. வலது பக்க வெளிக் கேலரியில் 42-ஆம் பிரிவு, 37-ஆவது வரிசை, 21-ஆம் இருக்கை. அங்கே போய் உட்கார்ந்து ஹோம் பிளேட்டைப் பாருங்கள், அந்தத் தூரத்தை நம்பவே மனசு வராது.

கேள்வி: சிகாகோவில் சுவரெல்லாம் கொடி படர்ந்திருக்கிறதே அண்ணா, பந்து அதற்குள் போய்விட்டால்?

போகும். ரிக்லி ஃபீல்ட் 1914-இல் கட்டியது. செங்கல் சுவரில் கொடி நட்டது 1937-இல், பின்னாளில் அணிகளை வாங்கி நடத்திய பில் வீக் செய்த வேலை. பந்து இலைக்குள் சிக்கினால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். உடனே அடித்தவருக்கு இரண்டு பேஸ் என்று நிறுத்திவிடுவார்கள். கையைத் தூக்காமல் உள்ளே விட்டுத் துழாவினால் ஆட்டம் தொடரும், ஓடுபவர் ஓடிக்கொண்டே இருப்பார். விவரம் தெரிந்தவர்கள் துழாவ மாட்டார்கள். இன்னொன்று, அந்த இலைக்குப் பின்னால் மெத்தை கிடையாது, வெறும் செங்கல். ஓடி வந்து மோதினால் வலிக்கும்.

ரிக்லியில் 1988 ஆகஸ்ட் வரை விளக்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகல் ஆட்டம் மட்டும்தான். ஆகஸ்ட் 8 அன்று முதல் முறை விளக்கேற்றினார்கள், மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்தது. மறுநாள் ஆடியதுதான் கணக்கில் முதல் இரவு ஆட்டம்.

கேள்வி: டென்வரில் பந்து ரொம்பப் பறக்கும் என்கிறார்கள். நிஜமா, சும்மா பேச்சா?

நிஜம். கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உயரம். மேல் அடுக்கில் 20-ஆவது வரிசை மட்டும் ஊதா நிற இருக்கைகள், சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல், அங்கேதான். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று குறைவதால் தூரம் கூடுகிறது.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். பிட்சருக்கு இன்னொரு அடியும் விழுகிறது. சுழற்றி வீசும் பந்து வளைவதே காற்றைப் பிடித்துக்கொண்டுதான், காற்று மெலிந்தால் வளைவும் குறையும். மற்ற ஊர்களில் பேட்டரை ஏமாற்றிய பந்து இங்கே நேராக மட்டைக்கு வந்து நிற்கும்.

1995-இல் கட்டும்போதே இதை யோசித்து வேலியைத் தள்ளிப் போட்டார்கள், நடுவில் 415 அடி. இதனால் ஃபீல்டர்களுக்கு நடுவே காலி இடம் பெருகிப்போய், ஹோம் ரன் ஆகாத அடிகளும் இடைவெளி பார்த்து விழ ஆரம்பித்தன. ஒன்றை அடைக்கப்போய் இன்னொன்று திறந்துகொண்டது.

2002-இல் வேறு வழி பிடித்தார்கள். வறண்ட காற்றில் பந்து காய்ந்து கெட்டியாகிறது, கெட்டியான பந்து மட்டையிலிருந்து வேகமாகத் துள்ளுகிறது. அதனால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அறையில் பந்துகளை வைத்து எடுக்கத் தொடங்கினார்கள். ஹோம் ரன் எண்ணிக்கை இறங்கியது. 2022-இல் 30 ஸ்டேடியங்களுக்கும் இந்த அறை கட்டாயமாகிவிட்டது. ஆனால் உயரத்துக்கு எந்த அறையும் மருந்தில்லை, டென்வர் இன்றும் பேட்டர்களின் ஊர்தான்.

கேள்வி: நடுவில், பிட்சருக்குப் பின்பக்கம், கேலரியில் ஆளே இல்லாமல் கறுப்பாக விட்டிருக்கிறார்களே. டிக்கெட் விற்கவில்லையா?

வேண்டுமென்றே விடுவது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வெள்ளைப் பந்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைக் கூட்டம் இருந்தால் பேட்டருக்குப் பந்தே தெரியாது. கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீன் செய்யும் அதே வேலை.

கேள்வி: வேலியின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் மஞ்சள் கம்பத்தில் பந்து பட்டால் உள்ளேயா, வெளியேயா?

உள்ளே. தரையில் படாமல் வந்து கம்பத்தில் பட்டால் ஹோம் ரன். ஓரக்கோட்டுக்கு வெளியே போகும் பந்துதான் ஃபவுல், ஆனால் இதன் பெயர் மட்டும் ஃபவுல் கம்பம்.

கேள்வி: மழை, வெயில் என்று இவ்வளவு தொல்லை இருக்கும்போது எல்லாவற்றுக்கும் கூரை போட்டுவிடலாமே?

போட்டுப் பார்த்து நொந்தவர்கள் கதை சொல்கிறேன். ஹூஸ்டனில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் திறந்தார்கள். உள்ளே புல் வளர வேண்டும் என்று கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்தார்கள். பகலில் கண் கூசி, மேலே போன பந்து ஃபீல்டர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைச் சாயம் அடித்து அந்த வருடத்தை ஓட்டினார்கள். அடுத்த வருடம் செயற்கைப் புல் வந்தது, ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்று அந்த ஸ்டேடியத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

1989-இல் டொராண்டோவில் மோட்டாரில் திறந்து மூடும் கூரை வந்தது. அங்கே ஸ்டேடியத்தோடு ஒரு ஹோட்டலும் சேர்ந்தே இருக்கிறது, சில அறைகளின் ஜன்னல் நேரே மைதானத்தைப் பார்க்கும். திறந்து மூடும் கூரையோடு இன்று 7 ஸ்டேடியங்கள் இருக்கின்றன. சியாட்டிலில் மட்டும் அது குடை போல, மூடினாலும் பக்கவாட்டில் காற்று வரும். எனக்கு அதுதான் பிடித்தது.

நிரந்தரக் கூரை என்றால் ஃப்ளோரிடாவின் டிராபிகானா ஃபீல்ட். உள்ளே நாலு வளையமாக நடைபாலங்கள் தொங்குகின்றன, பந்து எந்த வளையத்தில் பட்டால் என்ன முடிவு என்று தனி விதியே உண்டு. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்தக் கூரைத் துணியைக் கிழித்து எறிந்தது. அங்கே ஆடும் டாம்பா பே அணி 2025 முழுக்க வேறு மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று.

கேள்வி: புது ஸ்டேடியங்களும் பழசு மாதிரியே செங்கல்லும் இரும்புமாக இருக்கின்றனவே, ஏன்?

எல்லாம் 1992-இல் பால்டிமோரில் திறந்த கேம்டன் யார்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது. அதற்கு முன் 1960-கள், 70-களில் பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் எல்லா ஊரிலும் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்து வட்டமான கான்கிரீட் கிண்ணங்களைக் கட்டினார்கள். கண்ணைக் கட்டி உள்ளே விட்டால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. நான் சொன்ன நாலுமே இப்போது இல்லை, இடித்தாகிவிட்டது. பால்டிமோரிலோ பேஸ்பாலுக்கென்றே கட்டினார்கள். பக்கத்தில் இருந்த 1,000 அடிக்கு மேல் நீளமான பழைய ரயில்வே கிடங்கை இடிக்காமல் வலது பக்கத்துக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டார்கள். 1993-இல் ஹோம் ரன் அடிக்கும் போட்டியில் கென் கிரிஃபி ஜூனியர் அந்தக் கிடங்கில் பந்தைக் கொண்டுபோய் மோதினார்.

அப்புறம் எல்லாரும் காப்பியடித்தார்கள். இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓரக்கிள் பார்க்கில் வலது ஓரம் 309 அடிதான், ஏனென்றால் அதற்கு அப்பால் கடல் விரிகுடா. படகில் காத்திருந்து பந்து பொறுக்குகிறார்கள். இடம் இல்லாததால் வந்த வினோதம், ஒத்துக்கொள்ளலாம். ஹூஸ்டனில் 2000-இல் கட்டிய ஸ்டேடியத்தில் 436 அடி தூரத்தில் ஒரு செயற்கை மேட்டைப் போட்டு, அதில் ஒரு கொடிக்கம்பத்தையும் ஆடும் பகுதிக்குள்ளேயே நட்டார்கள். சின்சினாட்டியில் பழைய கிராஸ்லி ஃபீல்டில் அப்படியொரு சரிவு இருந்ததாம். அங்கே நிலமே அப்படி, ஹூஸ்டனில் சமதரை! பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடும் ஆளுக்கு அந்த மேடு எதற்கு? 2016 சீசனுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியம் அழகில் முதலிடம் என்பேன். ஒத்துக்கொள்வீர்களா?

1962-இல் திறந்தது, 56,000 இருக்கைகள், மேஜர் லீக்கில் பெரியது. சாயங்காலம் மலைகள் தெரிய உட்காருவது அருமைதான். ஆனால் சாவெஸ் ரவீன் என்ற அந்த இடத்தில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அரசு குடியிருப்புத் திட்டம் என்று சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, பின்னால் நிலம் அணிக்குப் போனது. போக மறுத்துக் கடைசிவரை இருந்தவர்களை 1959-இல் போலீஸை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அழகு பற்றிக் கேட்டால் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

கேள்வி: டாலஸில் இருக்கிறேன். நம் டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் மைதானம் முன்பு பேஸ்பால் ஸ்டேடியமாமே?

ஆமாம், கிராண்ட் பிரேரி. 2008-இல் பேஸ்பாலுக்காகக் கட்டியது, மேஜர் லீக்குக்கு வெளியே இருந்த ஓர் அணி ஆடியது. கிரிக்கெட்டுக்கு மாற்றி 2023-இல் திறந்தார்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை அமெரிக்கா சூப்பர் ஓவரில் வீழ்த்தியது அங்கேதான்.

மாற்றுவது லேசில்லை. பேஸ்பால் மைதானம் விசிறி வடிவம், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கேலரி வந்துவிடும். கிரிக்கெட்டுக்கு நாலு பக்கமும் இடம் வேண்டும், ஆகவே பிட்சை அவுட்ஃபீல்டில் தள்ளிப் போட வேண்டும். 2015-இல் சச்சினும் ஷேன் வார்னும் அணி சேர்த்து நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் பேஸ்பால் ஸ்டேடியங்களில் ஆடியபோது பவுண்டரி சில பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது இதனால்தான்.

கேள்வி: முதல் முறை குழந்தைகளோடு போகிறோம், சைவம். எங்கே உட்காருவது, என்ன சாப்பிடுவது?

குழந்தைகள் என்றால் வலைக்குப் பின்னால் இருக்கும் இருக்கையாகப் பாருங்கள். ஃபவுல் பந்து வரும் வேகத்துக்குக் கையால் பிடிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். பகல் ஆட்டம் என்றால் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் மூன்றாம் பேஸ் பக்கம்தான் முதலில் நிழல் விழும். ஃபென்வேயில் பழைய தூண்கள் மறைக்கும் இருக்கைகள் உண்டு, வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வேர்க்கடலை, பிரெட்ஸல், பிரெஞ்சு ஃபிரைஸ் எங்கேயும் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ போனால் பூண்டு ஃபிரைஸை விடாதீர்கள். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கும் ஸ்டேடியங்களும் இருக்கின்றன, டாட்ஜர் ஸ்டேடியம் அதில் ஒன்று. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். பையின் அளவு விதியை மட்டும் முதல் நாளே அணியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வாசலில் பையைத் திருப்பி அனுப்பினால் கார் நிறுத்திய இடம் வரை திரும்ப நடக்க வேண்டும்.