ஏழை நாடுகளில் கிராமங்களுக்கு மின்சாரம் எட்டாததற்குப் பணப் பற்றாக்குறை மட்டும்தான் காரணமா?

இல்லை. நிர்வாகம் சரியில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டியும் பலன் இருக்காது. நிர்வாகம் சரியாக இருந்தால் என்ன நடக்கும், சறுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள்.

1977-ல் கிராம மின்மயமாக்கலுக்கென்று தனி வாரியம் அமைத்து, அதன் கீழ் 'பல்லி பித்யுத் சமிதி' (கிராம மின் சங்கம்) என்ற கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கினார்கள். இணைப்பு வாங்குகிறவரே உறுப்பினர், இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். மின் இழப்பை (வழியில் வீணாவதும் திருட்டுப் போவதும்) எவ்வளவு குறைக்கணும், பில் எவ்வளவு வசூலாகணும் என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் வாரியம் ஆண்டுதோறும் இலக்கு வைத்தது, மீட்டர் கணக்கெடுப்பவரையும் ஒரே ஊரில் வேரூன்ற விடாமல் சில ஆண்டு ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள், அதனால் ஆளைப் பிடித்து யூனிட்டைக் குறைத்து எழுத வைப்பது சுலபமில்லை. இந்தச் சின்ன ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் எந்த ஊருக்கு முதலில் லைன் இழுப்பது என்பதில் அரசியல் புகுந்தது, உற்பத்தியும் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. 2006-ல் கான்சாட் என்ற ஊரில் மின்வெட்டையும் கட்டணங்களையும் எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். கம்பி வந்துவிட்டால் போதுமா, அதில் கரண்ட் வர வேண்டாமா? 2022 மார்ச்சில் நாடு முழுக்க மின்சாரம் எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது.