குடைக்குள் எத்தனை ஆம்பியர்?

கேள்வி: நான்காம் படிவம் படிக்கும் என் மகன், இருட்டினால் தானாக எரியும் குடை ஒன்று செய்யப்போகிறானாம். வேலை முடிந்து நான் எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மழையில் நடந்து வருவதைப் பார்த்து வந்த யோசனை. இணையத்தில் ஒரு கடை, மீட்டருக்கு 60 விளக்கு உள்ள எல்இடி ஸ்ட்ரிப், அதை இயக்கும் போர்டு, நாலு வகை சென்சார் எல்லாம் சேர்த்து 'முழு செட்' விற்கிறது. வீட்டில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருக்கிறது. செட்டை வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: பையனின் யோசனை நல்ல யோசனை. செட்தான் வேண்டாம். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் விளக்கு எத்தனை, சென்சார் எத்தனை என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும் என்று ஒரு வரியும் இல்லை.

சாதாரணக் குடைக்கு எட்டுக் கம்பி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மீட்டர். மீட்டருக்கு 60 என்றால் கம்பிக்கு 30, மொத்தம் 240 விளக்கு. டபிள்யூஎஸ்2812பி என்று போட்டு விற்கும் இந்த ரகத்தில், ஒரு விளக்கு முழு வெள்ளையாக எரிய 60 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். பெருக்கிப் பாருங்கள், 14 ஆம்பியரைத் தாண்டுகிறது. உங்கள் பவர் பேங்க் தருவது 2, மிஞ்சிப்போனால் 3. விளக்கு மினுக்கும், வெள்ளை மஞ்சளாகும், பவர் பேங்க் பட்டென்று அணையும். பையனோ புரோகிராமில் எங்கே தப்பு என்று ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருப்பான்.

மீட்டருக்கு 30 விளக்கு உள்ள ஸ்ட்ரிப்பே தாராளம். 120 விளக்கு வரும். பிரகாசத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒன்றரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஃபாஸ்ட்எல்இடி என்ற இலவச புரோகிராம் தொகுப்பில், இத்தனை மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று ஒரே வரியில் எழுதி வைக்கலாம். இருட்டில் அந்த வெளிச்சமே கண்ணைப் பறிக்கும். பவர் பேங்கில் உள்ள 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 6,000 சொச்சம்தான் தேறும். அப்படியும் நாலு மணி நேரம் எரியும். எல்ஆர்டியிலிருந்து வீட்டுக்கு அது போதாதா?

நாலு சென்சார் எதற்கு? இருட்டை அறிய, எல்டிஆர் என்ற ஒளி உணரும் சிறு பாகம் ஒன்று போதும், சில்லறைக் காசுதான். ஆனால் அதைக் குடைக்குள் ஒட்டக்கூடாது. தன் விளக்கையே பார்த்து, விடிந்துவிட்டது என்று அணைத்துவிடும். அணைந்ததும் மறுபடி இருட்டு, மறுபடி எரியும். குடையின் உச்சியில், வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். சென்சாரை நம்பி கைப்பிடி சுவிட்சை விட்டுவிடவும் வேண்டாம். விளக்கு அணைந்திருக்கும்போதும் ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் சில்லு 1 மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்ச் இல்லாத குடை, மடக்கி மூலையில் வைத்தாலும் இரண்டு நாளில் பவர் பேங்கைக் காலி செய்துவிடும்.

வாங்க இணையம்தான் வேண்டும் என்றில்லை. பூடு பக்கம் ஜாலான் பசாருக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எலக்ட்ரானிக் பாகங்களுக்கு அந்தத் தெரு நெடுங்காலமாகவே பெயர் போனது. ஐபி65 ரகம், அதாவது மேலே சிலிக்கோன் பூச்சு உள்ள ஸ்ட்ரிப் கேளுங்கள். ஐபி20 என்றால் வெறும் விளக்கு, மழைக்கு ஆகாது. ஸ்ட்ரிப்பை எட்டுத் துண்டாக வெட்டும்போது பூச்சும் வெட்டுப்படும், ஒவ்வொரு முனையிலும் மூன்று செம்புப் புள்ளி வெளியே தெரியும். சாலிடர் வைத்த கையோடு அங்கே சிலிக்கோன் பூசி அடைத்துவிட வேண்டும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட அம்புக்குறி, போர்டிலிருந்து வெளியே போகும் திசையைக் காட்டவேண்டும். திருப்பி ஒட்டினால் ஒன்றும் எரியாது.

போர்டுக்கு, அர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டின் மலிவு நகலே போதும். அதன் வரைபடம் எல்லாருக்கும் திறந்தது, மற்றவர் செய்து விற்பது மோசடி இல்லை. அர்டுயினோ பெயரையும் முத்திரையையும் ஒட்டி அசல் விலை கேட்டால்தான் போலி.

அப்புறம் ஒன்று, கோலாலம்பூரில் மாலை மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். அந்த நேரத்தில் எரிகிற குடையானாலும் எரியாத குடையானாலும் திறந்தவெளியில் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: இதே மாதிரி ஒரு குடைக்காக மழை சென்சார் வாங்கினேன். இரண்டு வாரத்தில் அதன் தகட்டுக் கோடுகள் கறுத்து அரித்துவிட்டன. "தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை" என்கிறார் விற்றவர். புகார் செய்யலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: மழை சென்சாருக்குத் தண்ணீர் படக்கூடாதாம்! பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இதற்கு இடம் தரவில்லை. எதற்கென்று விற்றார்களோ அதற்குப் பொருள் உதவ வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் ஒரு தகட்டுக்காக ஒரு நாள் லீவு போடுவது கட்டுப்படியாகுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். விற்றவர் வெளிநாடு என்றால் மன்றத்தால் அவரைப் பிடிப்பதும் கஷ்டம். இணையத்தில் வாங்கும்போது, சோதித்துப் பார்க்கும் வரை 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்தாமல் இருப்பதே சுலபமான பாதுகாப்பு.

அடுத்த தகடும் இப்படிப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஈரத்தகட்டில் எப்போதும் மின்சாரம் ஓடினால் மின்பகுப்பு நடந்து உலோகம் கரையும். சென்சாரின் மின் இணைப்பை போர்டின் இணைப்புமுனை (பின்) ஒன்றுக்கு மாற்றி, சில வினாடிக்கு ஒருமுறை, அளக்கும் கணத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். தகட்டின் ஆயுள் நன்றாகவே கூடும்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 9,900 எம்ஏஎச் என்று போட்ட, 18650 என்ற உருளை பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. குடைக்குப் பவர் பேங்கைவிட இது இலேசு. வாங்கலாமா?
- வாசகர், செராஸ்

பதில்: வேண்டாம். அந்த அளவு செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே 3,500 சுமாருக்குத்தான். 9,900 என்று அச்சடித்திருந்தால் உறையே பொய் சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறதோ. அசல் செல் பெரும்பாலும் 45 கிராம் சுமார் இருக்கும், சமையல் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்லைத் தலைக்குப் பக்கத்தில், மழையில், வயரோடு தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்கு அந்த எடை வித்தியாசம் பெரிதில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.