'ஸ்பைடர்லேண்ட்' தொகுப்பிலிருந்து பின்வந்தவர்கள் எடுத்ததும் விட்டதும்

போஸ்ட்-ராக் (கிதார், டிரம்ஸ் போன்ற ராக் கருவிகளையே வைத்துக்கொண்டு, வழக்கமான ராக் பாட்டின் வடிவத்திலிருந்து விலகும் இசை) கேட்கத் தொடங்குபவர்களுக்கு எல்லாரும் ஸ்லிண்ட் இசைக்குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' தொகுப்பையே பரிந்துரைக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறே பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய நான்கு இளைஞர்கள் 1990 ஆகஸ்டில் சிகாகோவில் நான்கே நாள்களில் இதைப் பதிவு செய்தார்கள். 1991 மார்ச்சில் தொகுப்பு வெளிவந்தபோது குழு கலைந்துவிட்டிருந்ததால், ஊர் ஊராகச் சென்று மேடையில் வாசித்து அதை அறிமுகப்படுத்த ஆளில்லை. அவர்களின் முதல் தொகுப்பைப் பதிவு செய்திருந்த ஸ்டீவ் ஆல்பினி 'மெலடி மேக்கர்' என்ற பிரிட்டிஷ் இசை இதழில் பத்து நட்சத்திரங்கள் கொடுத்து விமர்சனம் எழுதினார். போஸ்ட்-ராக் என்ற பெயரே அப்போது இல்லை; இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1994இல்தான்.

முதன்முறை கேட்டபோது, பதிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனேன். குழுவின் பாடகர் பிரையன் மெக்மஹன் பெரும்பாலும் பாடுவதில்லை; பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கதை சொல்கிறார். முதல் பாடலில், பொழுதுபோக்குத் திடலுக்குப் போன ஒருவன் அங்கே குறிசொல்லும் பெண்ணை ரோலர்கோஸ்டரில் ஏற அழைக்கிறான். மூன்றாவது பாடலில் டிரம்ஸே கிடையாது. டிரம்ஸ் வாசிப்பவரான பிரிட் வால்ஃபோர்ட், விருந்துக் கூட்டத்திலிருந்து விலகி வெளியே வந்து நிற்கும் ஒருவனைப் பற்றி இரண்டு கிதார்களுக்கு நடுவே முணுமுணுக்கிறார். கப்பல் உடைந்து கரையேறிய தலைவனைப் பற்றிய கடைசிப் பாடலிலும் ஏழு நிமிடம் வரை அடக்கியே வைத்திருந்த குரல், முடிவில் ஒரே அலறலாக வெடிக்கிறது. நான் பயந்தே போனேன். ஒலியளவைக் கூட்டியிருந்ததும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்வந்த குழுக்கள் பலவும் எடுத்துக்கொண்டது இந்த வெடிப்பைத்தான். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி உச்சத்தில் பேரொலியாக முடிவது ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. கிளாஸ்கோவின் மொக்வாய் குழு அதைத் திறமையாகவே கையாண்டது; மற்றவர்கள் பலரிடம், உச்சம் எந்த நிமிடத்தில் வரும் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடலாம். 'ஸ்பைடர்லேண்ட்' தொகுப்பில் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே அமைதி என்பது வெடிப்புக்கான காத்திருப்பாக இல்லை. வழக்கமான நான்குக்குப் பதிலாக ஏழு தாள எண்ணிக்கையில் சுற்றிவரும் கிதார் வரியும், எதிர்பார்த்த இடத்தில் விழாத டிரம்ஸும், வெடிக்காமலே முடிந்துபோகும் ஐந்தாவது பாடலும் அந்த அமைதியையே கனமாக்குகின்றன. கிதார் வாசித்த டேவிட் பாஹோ பின்னர் சிகாகோவின் டார்டாய்ஸ் குழுவில் சேர்ந்து, 1996இல் வெளிவந்த தொகுப்பில் வாசித்தார். பேரொலியை நாடாத அந்தக் குழுவைத்தான் ஸ்லிண்டின் நெருங்கிய வாரிசாக நான் கருதுகிறேன்.

மூன்றாவது பாடலிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். ஒலியளவில் மட்டும் கைவைக்காதீர்கள்.