சாக்லேட்டுக்கு லெசித்தின் சரி, கொலஸ்ட்ராலுக்கு?

கேள்வி: கொக்கோ விதையை வீட்டிலேயே அரைத்து சாக்லேட் செய்து விற்கிறேன். அச்சில் ஊற்றும்போது ஓடாமல் கெட்டியாக நிற்கிறது. சோயா லெசித்தின் சேர்க்கச் சொல்கிறார்கள். அதையே மாத்திரையாகச் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையும், ஞாபகசக்தி கூடும் என்றும் சொல்கிறார்கள். மாமியாருக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சாக்லேட்டில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள்.

சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு வகைப் பொருள்கள் தண்ணீரை உறிஞ்சி, பசையாகத் திரண்டு பிரியும். அந்தப் பசையை உலர்த்தினால் லெசித்தின். இதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை கொழுப்போடு ஒட்டும். இதன் உபயோகமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் சாக்லேட்டில் சர்க்கரைத் துகள்கள் கொக்கோ வெண்ணெயோடு சேராமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. லெசித்தின் அவற்றின் மேல் படிந்து உரசலைக் குறைக்கும், கலவை ஓடும். கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் போதும், அரைப்பு முடியும் தறுவாயில் சேருங்கள். 5 கிராமைத் தாண்டினால் மறுபடி கெட்டிப்படத் தொடங்கும், அதனால் கண்ணளவு வேண்டாம், சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பாத்திரத்திலோ அச்சிலோ ஈரம் இருந்தாலும் சாக்லேட் இறுகிவிடும். அதை லெசித்தினால் சரிசெய்ய முடியாது.

லேபிளில் லெசித்தினைக் குறிக்க 'எமல்சிஃபையர் 322' என்று போடுங்கள், சோயா இருப்பதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். லெசித்தினில் சோயாப் புரதம் மிகச் சொற்பம்தான். ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்கூட அது பெரிய விஷயம்.

பால்பவுடர் கட்டிதட்டாமல் கரைவதற்கும், பெயின்ட்டில் நிறமி சீராகப் பரவுவதற்கும் இதே லெசித்தின்தான். இறால் தீவனத்தில் மட்டும் இது உண்மையான சத்து. வளர்ச்சிக்குப் போதுமான பாஸ்போலிப்பிடை இறாலின் உடல் தானே தயாரித்துக்கொள்ளாது. தீவனத்தில் கிடைத்தாக வேண்டும். மனித உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும்.

இப்போது மாமியார் விஷயம். லெசித்தினில் கோலின் என்ற சத்து இருக்கிறது. மூளைக்கும் கல்லீரலுக்கும் அது வேண்டும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 425 மில்லிகிராம் போதுமானது என்று கணக்கு. ஒரு முட்டையில் சுமார் 150 மில்லிகிராம் கிடைக்கும். வழக்கமான ஒரு லெசித்தின் மாத்திரையில் அதில் பாதிகூட இருக்காது. மறதி நோய்க்கு லெசித்தின் உதவுகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. கொலஸ்ட்ரால் பற்றிய ஆய்வுகளும் ஒரே மாதிரி பேசவில்லை. அளவு கூடினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம்.

இன்னொன்று, கோலினைக் குடல் பாக்டீரியாக்கள் ஒரு பொருளாக மாற்ற, அதைக் கல்லீரல் டிஎம்ஏஓ (TMAO) என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. ரத்தத்தில் டிஎம்ஏஓ கூடுதலாக உள்ளவர்களிடம் இதயநோய் அதிகம் காணப்படுகிறது. இதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் மாமியாருக்கு இதயக் கோளாறு இருந்தால், டாக்டரைக் கேட்காமல் தினமும் கொடுக்க வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கு ஏற்கெனவே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.