"ஒரு குவார்ட்டர்" என்றால் எத்தனை? – செவிலிய ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் (AUDIT) படிவத்தில் எங்கள் மாணவிகள் போடும் மதிப்பெண் எப்போதும் குறைவாகவே வருகிறது. நோயாளிகள் பொய் சொல்கிறார்களா?

பல நேரம் பொய் இல்லை, அளவுதான் பிசகுகிறது. "தினம் ஒரு குவார்ட்டர்" என்கிறார் நோயாளி. மாணவி '1' என்று எழுதிவிடுகிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் இந்த 10 கேள்விப் படிவம் பாட்டில் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, அலகைக் கேட்கிறது. ஓர் அலகு 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர், அதாவது 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் ஏறத்தாழ 60 கிராம் இருக்கிறது, அதாவது 6 அலகு. குடிக்கும் நாளில் எத்தனை அலகு என்ற இரண்டாம் கேள்விக்கு 2 மதிப்பெண் விழ வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுகிறது. ஆஃப் அடிப்பவருக்கு முழுசாக 4. 8 சதவீத பீர் 650 மில்லி என்றால் சுமார் 4 அலகு. மொத்த மதிப்பெண் 8-ஐத் தொட்டாலே அவரிடம் குடியைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்பதால் இந்தப் பிசகு சின்ன விஷயமில்லை. காலி பாட்டில்களை மேசையில் வைத்து, லேபிளைப் படித்து மாணவிகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் முதல் வகுப்பையே இப்படித்தான் தொடங்குவேன். முதல்வரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!

எலும்பு முறிவு வார்டில் மூன்றாம் நாள் நோயாளி உளறுகிறார், பூச்சி ஊர்கிறது என்கிறார். 'மெண்டல் கேஸ்' என்று ஒதுக்குகிறார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு பதறுகிறது. தினமும் குடிப்பவருக்கு வார்டில் குடி திடீரென நின்றதால் வந்த பிதற்றலாக இது இருக்கலாம். கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து எண்ணக் கற்றுக்கொடுங்கள். 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றல் நிலை 2 முதல் 4 நாளில். கவனிக்காவிட்டால் உயிரே போகும். சர்க்கரை, ஆக்சிஜன், தலைக்காயம், காய்ச்சல் எல்லாவற்றையும் கூடவே பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்கும் துணிச்சலும் செவிலியருக்கு வேண்டும். "அண்ணே, கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்ற கேள்வி மனநல வார்டுக்கு மட்டும் உரியதல்ல. எந்த வார்டானாலும் அட்மிஷன் அன்றே, உறவினர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கட்டும்.

என் அப்பா குடிப்பார். இந்தப் பாடம் நடக்கும்போது வகுப்பில் உட்கார முடியவில்லை. (மூன்றாம் ஆண்டு மாணவி)

வெளியே போய் வர அனுமதி கேளும்மா. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேசத் தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். ஆசிரியர்களுக்கு: எந்த வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். "யார் வீட்டில் குடிக்கிறார்கள்?" என்று கைதூக்கச் சொல்லாதீர்கள்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட பையன் மயங்கி வந்தால்?

முதலில் மூச்சை எண்ணுங்கள். மூச்சு மந்தமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) என்று சந்தேகியுங்கள். அதற்கு மாற்று மருந்தான நலாக்சோனில் விழித்தாலும் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், மறுபடி மூச்சு அடங்கலாம். பக்கத்திலேயே இருங்கள்.

கணவருக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்தும் மாத்திரை கலக்கலாமா என்று மனைவிமார் கேட்கிறார்களே?

கூடவே கூடாது. அந்த மாத்திரையான டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயம் தடுமாறலாம். நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. ஏற்கெனவே கலந்துவிட்டேன் என்று ஓர் அம்மா சொன்னால் திட்டாதீர்கள். எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.