ஒரே முகவரி, இரண்டு மனிதர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எண்ணூறு ஊழியர்களின் பயனர் கணக்குகள் பல ஆண்டுகளாக எங்கள் அலுவலகத்து ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர்களையும் அவர்களுடைய அனுமதிகளையும் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இருக்கின்றன. இப்போது மின்னஞ்சலையும் கணக்கியல் மென்பொருளையும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் தளத்துக்கு மாற்றுகிறோம். கணக்குப் பிரிவினர் நாற்பது பேருக்கு அங்கே முன்பே தனிக் கணக்குகள் தொடங்கப்பட்டுவிட்டன. மின்னஞ்சல் முகவரியை வைத்து இரு பக்கத்துக் கணக்குகளையும் ஒரே வார இறுதியில் இணைத்துவிடலாம் என்கிறார் ஆலோசகர். அது போதுமா? கடவுச்சொல்லை எங்கே சரிபார்ப்பது என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது.

— ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. அதிலும் டர்பனில் நிச்சயமாகப் போதாது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி நேட்டாலுக்கு வந்திறங்கிய நம் மக்களின் பட்டப்பெயர்கள் இங்கே குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. கவுண்டர் கோவெண்டரானார், முதலியார் மூட்லியானார். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரே தெருவில் ஒரே முதலெழுத்துக் கொண்ட இரண்டு கோவெண்டர்களைக் காண்பது அரிதன்று. உங்கள் எண்ணூறு பேரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள்.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் ஊதியப் பிரிவிலிருந்த எஸ். கோவெண்டர் விலகிச் சென்ற சில மாதங்களில், கிடங்குப் பிரிவில் வேறொரு எஸ். கோவெண்டர் சேர்ந்தார். காலியாக இருந்த முகவரி அவருக்குத் தரப்பட்டது. கிளவுடில் இயங்கிய ஊதிய மென்பொருள் முகவரியை வைத்தே ஆளை அறிந்துகொண்டதால், முதல் நாளே எல்லோருடைய சம்பளமும் வங்கிக் கணக்கு எண்களும் அவர் கண்முன் திறந்துகொண்டன. அவர் நேர்மையானவர், உடனே எங்களிடம் வந்து சொன்னார். அவருடைய கடவுச்சொல் சரியாக இருந்தது, கைபேசியில் அவர் தந்த ஒப்புதலும் சரியாக இருந்தது. அடையாளச் சரிபார்ப்பில் ஒரு குறையும் இல்லாமலே இன்னொருவருக்குரிய அனுமதிகள் அவர் கைக்கு வந்து சேர்ந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதைத் தரநிலையே எச்சரித்திருக்கிறது. 2014-இல் வெளியான ஓபன்ஐடி கனெக்ட் என்ற உள்நுழைவுத் தரநிலை, டோக்கனை (உள்நுழைபவர் இன்னார் என்று சொல்லும் டிஜிட்டல் சீட்டு) வழங்கியவர் யார் என்பதும், அந்த வழங்குநர் ஒருவருக்கு இட்டு வேறெவருக்கும் மறுபடி தராத அடையாளமும் சேர்ந்ததே ஒரு பயனரைச் சுட்ட நம்பத்தக்கது என்றும், மின்னஞ்சலை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. அதைப் பொருட்படுத்தாத மென்பொருள்களில் என்ன நேரும் என்பதை 2023-இல் வெளிப்பட்ட ‘நோஆத்’ குறைபாடு காட்டியது. தாக்குபவர் தம் சொந்த நிறுவனக் கணக்கில் மின்னஞ்சல் என்ற இடத்தில் உங்கள் முகவரியை எழுதிக்கொண்டால், அந்த மென்பொருள் அவரை நீங்கள் என்றே எண்ணி உள்ளே விட்டுவிடும்.

ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு கணக்குக்கும் பிறக்கும்போதே 128 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் தரப்படுகிறது. திருமணத்துக்குப் பின் ஒருவர் குடும்பப் பெயரை மாற்றினாலும், வேறு பிரிவுக்குப் போனாலும் அது மாறாது. ஆனால் உங்கள் நிறுவனம் நாளை இன்னொன்றுடன் இணைந்து, கணக்குகள் வேறொரு ஃபாரஸ்டில் (தனியாக இயங்கும் இன்னொரு ஆக்டிவ் டைரக்டரி அமைப்பில்) புதிதாக உருவாக்கப்பட்டால் அந்த எண் மாறிவிடும். ஆகவே அதை ‘எம்எஸ்-டிஎஸ்-கன்சிஸ்டென்சிகைடு’ என்ற தனிப் புலத்தில் நகலெடுத்து, அந்தப் புலத்தையே இரு பக்கத்துக் கணக்குகளையும் பிணைக்கும் நங்கூரமாகத் தேர்ந்தெடுங்கள். எந்தப் புலம் நங்கூரம் என்பதை இணைப்பு மென்பொருளை நிறுவும்போதே முடிவு செய்துவிட வேண்டும்; பின்னர் மனம் மாறினால் ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க நேரும். ஒரு வார இறுதி என்ற அவசரம் எனக்கு அச்சம் தருவது இதனால்தான்.

முன்பே தொடங்கப்பட்ட நாற்பது கணக்குகளுக்கு மட்டும் முகவரியை ஒரே ஒருமுறை, ஆளை அறிமுகப்படுத்தும் அளவுக்குப் பயன்படுத்தலாம். அதையும் மனிதவளப் பிரிவின் ஊழியர் எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இருவர் கையொப்பமிட்ட பின்னரே செய்யுங்கள். நாற்பது பேரைச் சரிபார்க்க ஒரு பிற்பகல் போதும்.

ஆக்டிவ் டைரக்டரியிலுள்ள பழைய பயனர் குழுக்களை அப்படியே கிளவுடுக்கு மேலேற்ற வேண்டாம். அங்கே ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவை வைத்து அனுமதி தந்திருப்பீர்கள். கிளவுட் பக்கத்தில் ஒரு மென்பொருளுக்கு வெளிக் குழுவை ஒதுக்கினால், உள்ளிருக்கும் குழுவினருக்கு அந்த அனுமதி இறங்குவதில்லை. தேவையான பொறுப்புகளுக்கு மட்டும் புதிதாகக் குழுக்களை அமையுங்கள்.

கடவுச்சொல் குறித்த உங்கள் இரண்டாம் கேள்விக்கு மின்வெட்டே விடை சொல்லும். சரிபார்ப்பு அலுவலகத்து சர்வரில் நடந்தால், லோட் ஷெட்டிங்கில் அந்தக் கட்டடத்தின் யூபிஎஸ் தீரும் நேரத்தில் கிளவுடிலுள்ள மின்னஞ்சலுக்குள்ளும் எவராலும் புதிதாக நுழைய முடியாது. கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லாகத் திருப்ப முடியாதபடி உருமாற்றிய வடிவத்தை) கிளவுடுக்கு ஒத்திசைத்து வைத்தால் அந்தச் சார்பு நீங்கிவிடும். கடவுச்சொல்லே வெளியே போகிறது என்று உங்கள் சக ஊழியர்கள் அஞ்சினால், போவது ஹாஷின் மீது மேலும் ஹாஷ் செய்யப்பட்ட வடிவம் மட்டுமே என்று விளக்குங்கள்.

தனிநபர் தகவல்களைக் காக்கப் பொருத்தமான, நியாயமான நடவடிக்கைகளை எடுப்பது நிறுவனத்தின் கடமை என்கிறது தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 19-ஆம் பிரிவு. தென்னாப்பிரிக்க நிறுவனங்கள் 2021 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்கு முழுமையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளன. மேலாளரிடம் கூடுதல் நாட்கள் கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

எதற்கும் முன்பாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் விலகியோரின் பட்டியலை ஊதியப் பிரிவிலிருந்து வாங்கி, அவர்களுடைய முகவரிகளில் எவை இன்று வேறொருவரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போய் ஆலோசகர் முன் வையுங்கள்.