புகைப்பழக்கத்தை மறைத்ததாகக் கூறிக் காப்பீட்டுத் தொகையை மறுக்க முடியுமா?

கேள்வி: என் கணவர் 2023 ஏப்ரலில் ரூ.15 லட்சத்துக்கு ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தார். 2025 ஜனவரியில் அவருக்கு நுரையீரல் காசநோய் கண்டறியப்பட்டது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலும் புகைப்பதை அவரால் விட முடியவில்லை. ஜூன் மாதம் இறந்துவிட்டார். நாமினி நான்தான். மருத்துவமனைக் குறிப்பில் ‘பத்து ஆண்டுகளாகப் புகைப்பவர்’ என்று எழுதியிருப்பதையும், விண்ணப்பப் படிவத்தில் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று இருப்பதையும் காட்டி, முக்கியமான உண்மையை மறைத்துவிட்டதாகக் கூறி, 2025 நவம்பரில் நிறுவனம் எங்கள் கோரிக்கையை நிராகரித்தது. கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. படிவத்தை நிரப்பியவர் ஏஜெண்ட். என் கணவர் கையெழுத்து மட்டுமே போட்டார். அந்த ஏஜெண்டும் இவரும் சேர்ந்தே புகைப்பவர்கள். சிகிச்சையின்போது புகைத்ததால் அவர் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று நிறுவனத்தின் அதிகாரி சொன்னதுதான் எனக்குத் தாளவில்லை. தொகை கிடைக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் நீங்கள் எந்த வாதத்தை முன்வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும். முதலில் அந்த அதிகாரியின் பேச்சை ஒதுக்கிவிடலாம். ஆயுள் காப்பீட்டில் உண்மைகளைத் தெரிவிக்கும் கடமை என்பது ஒப்பந்தம் உருவாகும் நேரத்துக்கு உரியது. பாலிசி நடைமுறைக்கு வந்த பிறகு, மருத்துவர் எச்சரித்தும் ஒருவர் புகைத்தார் என்பது வருந்தத்தக்கதாக இருக்கலாமே தவிர, தொகையை மறுக்கக் காரணம் ஆகாது. வழக்கமான ஆயுள் பாலிசிகளில் முதல் 12 மாதத்துக்குள் நேரும் தற்கொலை மட்டுமே விலக்காக எழுதப்பட்டிருக்கும். உங்கள் பாலிசிப் பத்திரத்தில் வேறு விலக்கு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிராகரிப்புக் கடிதத்திலும் இந்தக் காரணம் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரில் வாய்க்கு வந்ததைப் பேசும் அதிகாரிகள் எழுதும்போது எச்சரிக்கையாகத்தான் எழுதுகிறார்கள்.

என்னிடம் இத்தகைய வழக்கோடு வருபவர்களில் பெரும்பாலோர், ‘காசநோய் கிருமியால் வருவது, புகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த வாதத்தை நீங்கள் எடுக்க வேண்டாம். நோயைத் தருவது கிருமிதான் என்பது உண்மை; ஆயினும் புகை நுரையீரலின் இயல்பான தற்காப்பைக் குலைத்து, நோய் பற்றும் வாய்ப்பையும் இறப்பு அபாயத்தையும் கூட்டுகிறது என்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட ஒன்று. நிறுவனம் ஒரு நுரையீரல் நிபுணரின் கருத்தைத் தாக்கல் செய்தால் உங்கள் வாதம் அங்கேயே தளர்ந்துவிடும். அதோடு நீங்கள் சொல்லும் மற்றவற்றின் மீதும் ஐயம் விழும்.

உங்கள் வழக்கின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, பாலிசி வழங்கிய நாள், பொறுப்பு தொடங்கிய நாள், காலாவதியாகிப் புதுப்பித்த நாள் முதலியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. உங்களுக்கு வந்த கடிதம் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் கேள்வி எழுப்பவும் அதே பிரிவு இரண்டு தனித்தனிக் காரணங்களைத்தான் அனுமதிக்கிறது: ஒன்று மோசடி, மற்றொன்று ஆயுட்கால மதிப்பீட்டுக்கு முக்கியமான உண்மையைத் தவறாகச் சொன்னது அல்லது மறைத்தது. மோசடி என்று குற்றம் சாட்டியிருந்தால், பாலிசிதாரர் உயிருடன் இல்லாத நிலையில், அதை மறுத்து நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கும். நிறுவனம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. பிரீமியத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னதன் மூலம் இரண்டாவது காரணத்தையே தேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த இரண்டாவது காரணத்துக்குச் சட்டம் ஒரு விளக்கத்தைச் சேர்த்திருக்கிறது. மறைக்கப்பட்ட செய்தி, நிறுவனம் ஏற்ற இடருடன் நேரடித் தொடர்பு உடையதாக இருந்தால் மட்டுமே முக்கியமானதாகக் கருதப்படும். அந்தச் செய்தி தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் நிறுவனத்துடையது. இப்போது உங்கள் கணவரின் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘புகைப்பவரா?’ என்ற கேள்விக்குக் கீழே, ஆம் எனில் நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்கும் கட்டங்கள் இருக்கும். புகைப்பவருக்குப் பாலிசியே கிடையாது என்றால் அந்தக் கட்டங்களுக்கு அங்கே வேலை இல்லை. நிறுவனங்கள் புகைப்பவருக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி விற்கின்றன. அதற்கெனத் தனிக் கட்டண அட்டவணையே வைத்திருக்கின்றன. அந்த அட்டவணையையும், பாலிசி ஏற்பது தொடர்பான உள்விதிகளையும் தாக்கல் செய்யும்படி நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். ‘இதே பிரீமியத்துக்குத் தந்திருக்க மாட்டோம்’ என்பது அவர்களின் பதிலாக இருக்கும். ஆனால் சட்டத்தின் சொற்கள் பிரீமிய வேறுபாட்டைப் பற்றியவை அல்ல, பாலிசியே வழங்கப்பட்டிருக்காது என்பதைப் பற்றியவை. எல்லா அமர்வுகளும் இதை ஒரே மாதிரி ஏற்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். இருந்தாலும் உங்கள் கையில் உள்ளவற்றில் வலுவான வாதம் இதுவே.

ஏஜெண்ட் பற்றிய செய்தியை அளவோடு பயன்படுத்துங்கள். ஒப்பந்தம் உருவாவதைப் பொறுத்தவரை அவர் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது தப்பிக்கும் வழியல்ல என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் கூறியிருக்கிறது. அதனால் இதைத் துணை வாதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை வேறொருவர் நிரப்பினால், விண்ணப்பதாரருக்கு உள்ளடக்கம் விளக்கப்பட்டது என்ற உறுதிமொழி அதன் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி தரும் முன் மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையையும் கேளுங்கள். சிறுநீரில் கோட்டினின் (நிகோட்டின் உடலில் சிதைந்து உருவாகும் பொருள்) சோதித்திருந்தால், புகைப்பழக்கம் நிறுவனத்துக்கு அன்றே தெரியும் என்றாகிவிடும்.

மருத்துவமனைக் குறிப்பில் உள்ள அந்த ஒற்றை வரியைப் பொறுத்தவரை, அதை எழுதிய மருத்துவரின் பிரமாண வாக்குமூலம் இல்லாவிட்டால் அதன் சான்று மதிப்பு குறைவு என்று நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை கூறியுள்ளன. இந்த ஆட்சேபத்தை எழுப்பலாம். ஆனால் கணவர் புகைத்ததே இல்லை என்று நீங்கள் மனுவில் எழுதக் கூடாது. எனக்கு எழுதியதை அங்கே மாற்றிச் சொல்வது பொய்ச் சாட்சியம். நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க, காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் அவர் பதிவான தேதிக்குச் சான்று பெறுங்கள். காசநோயை அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம் என்பதால் பெரும்பாலும் அந்தப் பதிவு இருக்கும்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) ஓராண்டுக்குள் முறையிடலாம்; ரூ.50 லட்சம் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஏற்பில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கால வரம்பு இரண்டு ஆண்டுகள். ஆம்புட்ஸ்மேனிடம் செலவாகும் காலம் கழிக்கப்படும் என்று நம்பி இருந்துவிடாமல், 2027 நவம்பரைக் கடைசி எல்லையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் பிரீமியத் தொகைக்கான காசோலையோடு ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட ரசீதை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட வேண்டாம். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால், உரிமையை விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபத்துடன் ஏற்பதாக அதே வாரத்தில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதி, கடிதம் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.